பழைய மடிக்கணினி: வீசவும் வேண்டாம், திருட்டு மென்பொருளும் வேண்டாம்

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பித்தல்களை 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் மைக்ரோசாஃப்ட் நிறுனம் நிறுத்திவிட்டது. தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் தந்தது. விண்டோஸ் 11க்கு மாறிக்கொள்ளுங்கள் என்கிறது. ஆனால் அது எல்லாக் கணினிகளிலும் ஏறாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி, 4 ஜிபி நினைவகம், ஏறத்தாழ 2018க்குப் பிந்தைய செயலி ஆகியவை வேண்டும்.

இதனால் அதிகம் பாதிக்கப்படுவது யார்? 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பயன்பெற்ற குடும்பங்கள்தாம். மயிலாப்பூர், ராயப்பேட்டை, தி.நகர், அடையாறு பகுதிகளில் நம் சமுதாயத்தின் எளிய வீடுகளில் நுழைந்த முதல் கணினி பெரும்பாலும் அந்த அரசு மடிக்கணினியாகவே இருந்தது. அண்ணன் படித்து முடித்து, தங்கையின் கைக்கு வந்து, இன்று பீரோவின் மேல் கிடக்கிறது.

அதை என்ன செய்வது? வழக்கமாக இரண்டு வழிகள் சொல்லப்படுகின்றன. ஒன்று, காயலான் கடைக்குப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவது. இன்னொன்று, சில நூறு ரூபாய் கொடுத்துத் திருட்டு விண்டோஸை ஏற்றிக்கொள்வது. இரண்டையும் மார்க்கத்தின் அளவுகோலில் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

பயன்படும் பொருளை வீணாக்குவது இஸ்ராஃப். ஒளூச் செய்யும் தண்ணீரில்கூட வீண்விரயம் கூடாது என்று கற்றுத் தந்த நபி (ஸல்) அவர்களின் உம்மத், ஓடக்கூடிய ஒரு கணினியைக் குப்பையில் போட்டுவிட்டு எந்தக் கேள்வியும் இராது என்று இருந்துவிட முடியுமா? அந்தக் குப்பையும் எங்கோ மாயமாகிவிடுவதில்லை. தென்சென்னையின் கழிவுகள் பல்லாண்டுகளாகப் போய்ச் சேர்ந்த இடம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய பெருங்குடி. கணினிப் பலகைகளில் ஈயமும் பேட்டரிகளில் நச்சு உலோகங்களும் இருக்கின்றன. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகள், இவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர்க்க வேண்டும் என்கின்றன.

திருட்டு மென்பொருள் விஷயத்தில் நம்மிடையே அலட்சியம் அதிகம். 1988 டிசம்பரில் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நூலாக்கம், கண்டுபிடிப்பு, வணிகப் பெயர் ஆகியவற்றின் உரிமைகள் ஷரீஅத்தில் பாதுகாக்கப்பட்டவை, அவற்றில் அத்துமீறக் கூடாது என்று தீர்மானித்தது. பெரிய நிறுவனத்தின் பொருள்தானே என்ற சமாதானம் இங்கே செல்லாது. உலக நஷ்டமும் இதில் உண்டு. பூட்டை உடைக்கும் சிறு நிரல்கள் பலவும் முதலில் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்கின்றன. 2025 ஜூன் 6இல் உமீத் தளம் தொடங்கப்பட்ட பிறகு வக்ஃப் ஆவணங்களே இணையத்தில் ஏற்றப்படுகின்றன. ஜமாஅத்தின் பத்திரங்களையும் மஹல்லா மக்களின் ஆதார் நகல்களையும் அப்படிப்பட்ட கணினியில் வைப்பது அமானிதத்தைத் தெருவில் வைப்பதற்குச் சமம்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதுதான் லினக்ஸ். யாரும் சட்டப்படி இலவசமாக எடுத்து, பயன்படுத்தி, பிறருக்கும் கொடுக்கலாம். இது நம் ஊருக்குப் புதிதும் அல்ல. நந்தனத்தில் உள்ள எல்காட் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநராக உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோதே அரசுக் கணினிகளை லினக்ஸுக்கு மாற்றும் முயற்சி நடந்தது. தரமணி டைடல் பார்க்கில் இயங்கும் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' லினக்ஸை உருவாக்கியது. விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இந்த பாஸ் லினக்ஸும் சேர்த்தே தரப்பட்டது. 2014இல் விண்டோஸ் எக்ஸ்பியின் ஆதரவு முடிந்தபோது பாஸுக்கு மாறுமாறு தமிழக அரசு தன் துறைகளுக்கு அறிவுறுத்தியது.

அப்படியிருந்தும் அது ஏன் மக்களிடம் வேரூன்றவில்லை? கருவியைக் கொடுத்தார்கள், கற்றுக் கொடுக்க ஆளில்லை. அது என்னவென்றே தெரியாமல் கடையில் கொடுத்து நீக்கிய மாணவர்கள் பலர். இப்போது நாம் செய்யப்போகும் முயற்சிக்கும் இதில் பாடம் இருக்கிறது.

எங்கள் மக்தபுக்கு வந்த 2 ஜிபி நினைவகம் கொண்ட பழைய அரசு மடிக்கணினி ஒன்றில் லுபுண்டு என்ற இலகு லினக்ஸைப் போட்டுப் பார்த்தோம். 8 ஜிபி பென்டிரைவில் ஏற்றி, வன்தட்டைத் தொடாமலேயே முதலில் ஓட்டிப் பார்க்க முடிகிறது. வைஃபை, ஒலி, விசைப்பலகை ஆகியவை வேலை செய்கின்றனவா என்று அப்போதே தெரிந்துவிடும். திருப்தியானால் நிறுவலாம். பிரவுசரில் இரண்டு மூன்று பக்கங்கள் சிரமமின்றித் திறக்கின்றன. ஆறேழு திறந்தால் திணறுகிறது. லிப்ரே ஆபீஸில் கடிதமும் கணக்கும் எழுதலாம். தமிழ்99 முறையிலும் அரபியிலும் தட்டச்சு செய்ய முடிகிறது. இன்னும் பழைய, 32 பிட் கணினி என்றால் லுபுண்டுவின் புதிய பதிப்புகள் ஏறாது. ஆன்டிஎக்ஸ் போன்றவை கைகொடுக்கும். வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு சிறிய எஸ்எஸ்டி போட்டால் வேகம் கண்கூடாகக் கூடும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். பழைய பாமினி எழுத்துருவில் உள்ள கோப்புகளை யூனிகோடுக்கு மாற்ற வேண்டியிருந்தது. அச்சு இயந்திரம் ஒன்று கடைசிவரை இணங்கவில்லை. டேலி, ஃபோட்டோஷாப், ஆட்டோகேட் ஆகியவற்றை நம்பிப் பிழைப்பவர்கள் உரிமத்துடன் விண்டோஸ் வாங்குவதே சரி. லினக்ஸுக்கும் ஆதரவுக் காலம் உண்டு. லுபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு 3 ஆண்டுகள். போட்டுவிட்டு மறந்துவிட முடியாது.

முஸ்லிம்களுக்கென்றே 2007இல் 'உபுண்டு முஸ்லிம் பதிப்பு' ஒன்று வெளிவந்தது. பின்னர் 'ஸபீலி' என்று பெயர் மாறியது. குர்ஆன் ஓதும் செயலி, தொழுகை நேரம் எல்லாம் அதில் இருந்தன. சில ஆண்டுகளில் அது நின்றுபோனது. தன்னார்வலர்கள் தொடர்ந்து உழைக்காவிட்டால் நல்ல முயற்சியும் நிலைக்காது என்பதற்கு அது ஓர் உதாரணம்.

எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் செய்யக்கூடிய காரியம் இது: மஹல்லாவில் சும்மா கிடக்கும் மடிக்கணினிகளை அமானிதமாகப் பெறுங்கள். கொடுப்பவரின் புகைப்படங்களையும் ஆவணங்களையும் முதலில் முழுமையாக அழியுங்கள். ஓடக்கூடியவற்றில் லினக்ஸை நிறுவி, தேவையுள்ள மாணவர்களுக்குக் கொடுங்கள். ஓடாதவற்றைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேருங்கள். இவற்றோடு, பொறியியல் படிக்கும் இரண்டு இளைஞர்களை நியமித்து, வாரம் ஒருநாள் அஸருக்குப் பின் கற்றுக் கொடுக்கச் செய்யுங்கள். இந்தக் கடைசிக் காரியத்தை விட்டுவிட்டால் மற்றவை பயன் தராது. வழிகாட்ட ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. 1998 முதல் இயங்கும் சென்னை லினக்ஸ் பயனர் குழு பல ஆண்டுகள் அடையாறுக்குப் பக்கத்தில் ஐஐடி வளாகத்தில்தான் கூடிவந்தது. கணியம் மின்னிதழ் 2012 முதல் எளிய தமிழில் இவற்றையெல்லாம் எழுதிவருகிறது.

புதிய மடிக்கணினி வாங்க வசதியில்லாத பிள்ளையின் படிப்பு, நம் வீட்டுப் பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கலாம். அதைத் துடைத்துக் கொடுப்பதும் ஸதகாதான். அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக.