சித்திரப் பாடவேளையைக் கணிதத்துக்குக் கேட்காதீர்கள்



பெற்றோர் கூட்டம் நடந்தால் யாராவது ஒரு வாப்பா எழும்பிக் கேட்பார்: "சேர், சித்திரப் பாடத்தையும் கணக்குக்கு எடுத்தா என்ன? எங்கட புள்ளைக்கு சித்திரம் வராதுதானே." கணிதம் படிப்பிக்கிறவன் என்பதால் இதற்கு நானே பதில் சொல்கிறேன். எனக்கு அந்தப் பாடவேளை வேண்டாம்.

நமது பாடசாலைகள் பலவற்றில் சங்கீதமும் இல்லை, நடனமும் இல்லை. அழகியல் என்று பிள்ளையின் கைக்கு வருவது சித்திரம் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

"வராது" என்று நாம் சொல்வது பெரும்பாலும் பென்சிலால் பார்த்து வரைவதைத்தான். ஆனால் சித்திரப் பாடத்தில் அச்சுப் பதித்தலும் ஒரு பகுதி. அதற்கு வரையத் தெரிய வேண்டியதில்லை. வெண்டிக்காயைக் குறுக்கே வெட்டி நிறத்தில் தொட்டுப் பதித்தாலே பூ வந்துவிடும். வாழைத்தண்டும் அப்படித்தான். அடுத்தது றெஜிபோம்: போல்பொயின்ட் பேனையால் அழுத்திக் கோடு போட்டு, ஸ்பொஞ்சால் மெல்லிசாக நிறம் தடவி, கடதாசியை மேலே வைத்துக் கரண்டியின் பின்பக்கத்தால் தேய்த்தால் போதும். அழுத்திய கோடு வெள்ளையாக விழும்.

மூன்றாவது படி அழிறப்பர். இதில் கத்தி வருவதால் பெரிய பிள்ளைகளுக்கு மட்டும், பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். கத்தி எப்போதும் உடம்புக்கு எதிர்ப்பக்கமாகப் போக வேண்டும். பிடிக்கும் கை கத்திக்குப் பின்னால் இருக்க வேண்டும்.

அழிறப்பரைச் சதுரமாக வெட்டி, ஒரு மூலையில் மட்டும் இதழ் ஒன்றைச் செதுக்குங்கள். ஒரே திசையில் வரிசையாகப் பதித்தால் ஒரு கோலம். ஒவ்வொரு தடவையும் 90 பாகை திருப்பி, அந்த மூலை நடுவில் சந்திக்கும்படி நான்கு தடவை பதித்தால் முழுப் பூ. சுழற்சிச் சமச்சீர் என்று நான் கரும்பலகையில் கத்திக் கத்திச் சொல்வது இதைத்தான். தெசலாக்கமும் இதுதான். எழுத்தைச் செதுக்கினால் தலைகீழாக விழாது, இடம் வலம் மாறி விழும். கண்ணாடி விம்பத்தை ஒரு தடவை கையால் செய்த பிள்ளை பிறகு மறக்காது.

இன்னொன்றும் உண்டு. செதுக்கி எடுத்ததை அழித்துத் திரும்ப வரைய முடியாது. அதனால் பிள்ளை வெட்ட முன்னர் யோசிக்கப் பழகுகிறது. பரீட்சை மண்டபத்தில் அவசரப்பட்டு விடை எழுதும் நம் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம்தான் குறைவு.

உருவம் வரைவது கூடுமா என்று தயங்கும் வீடுகளுக்கும் இது இலகு. கொடி, இலை, நட்சத்திரம், கோணம் போதும். இரண்டு சதுரங்களில் ஒன்றை 45 பாகை திருப்பி மற்றதன் மேல் வைத்தால் பள்ளிவாசல்களில் பார்க்கும் எட்டு முனை நட்சத்திரம் வருகிறது. இது நமக்குப் புதிய கலையும் அல்ல. குட்டன்பேர்க்குக்குப் பல நூற்றாண்டு முன்பே எகிப்திய முஸ்லிம்கள் கையால் செய்த அச்சில் குர்ஆன் வசனங்களைக் கடதாசியில் பதித்திருக்கிறார்கள். இந்தியாவின் கச்சில் கத்ரி முஸ்லிம் குடும்பங்கள் இன்றும் மரக்கட்டை அச்சால் அஜ்ரக் துணி செய்கின்றன. 2001 பூகம்பத்துக்குப் பிறகு அந்தத் தொழிலின் பெயரிலேயே அஜ்ரக்பூர் என்று ஓர் ஊரை அமைத்தார்கள். நாமோ அதைப் பழகும் பாடவேளையையும் வீண் என்கிறோம்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்தில் "சித்திரத்தை எடுங்கள்" என்று கேட்காதீர்கள். "சித்திர வகுப்புக்கு நிறமும் ஸ்பொஞ்சும் இருக்கிறதா, நாங்கள் என்ன வாங்கித் தர வேண்டும்?" என்று கேளுங்கள். கணக்கில் பின்தங்கிய பிள்ளைக்கு நேரம் வேண்டுமென்றால் பாடசாலை விட்ட பிறகு இன்ஷா அல்லாஹ் நான் இருக்கிறேன்.

மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பேசுவோம்.