விழும் சந்தையில் யாருக்கு லாபம்?

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வந்துகொண்டிருந்த முதுகலை மாணவர் ஒருவர் மூன்று மாதமாக வரவில்லை. விசாரித்தோம். கல்வி உதவித்தொகையையும், அம்மா மகளிர் குழுவில் வாங்கிக் கொடுத்த கடனையும் ஆப்ஷனில் போட்டு இழந்திருக்கிறார். விடுதியில் அவரோடு இன்னும் நாலு பேர் அதே டெலிகிராம் குழுவில் இருக்கிறார்கள். பொருளாதார மந்தம் வருகிறது, சந்தை ஆடுகிறது, இதுதான் சம்பாதிக்கும் நேரம் என்று தினமும் காலையில் அதில் செய்தி வருமாம். பயிற்சிக்குக் கட்டணம் தனி.

தோழர்களே, அந்தச் செய்தியில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தே அதுதான்.

2020 மார்ச் 23 அன்று நிஃப்டி ஒரே நாளில் சுமார் 13 சதவீதம் விழுந்தது. நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. அடிமட்ட விலையில் வாங்கியவர்களுக்குக் கொள்ளை லாபம். யார் வாங்கியிருக்க முடியும்? ஊரடங்கிலும் வீட்டிலிருந்தே சம்பளம் வந்தவர்கள், எட்டு மாதம் தொடாமல் வைக்கப் பணம் இருந்தவர்கள். அதே மார்ச் கடைசியில் தொழிலாளர்கள் பி.எஃப். சேமிப்பிலிருந்து பணம் எடுத்துக்கொள்ள அரசு அனுமதி தந்தது. எடுத்து அரிசி வாங்கினோம், வாடகை கொடுத்தோம். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களான நம் அம்மாக்கள் அந்த நாட்களிலும் குப்பை வண்டியோடு தெருவில் நின்றார்கள். விழும் சந்தையில் லாபம் பார்க்க அறிவோடு காத்திருக்கும் வசதியும் வேண்டும். அது நிலமாகவும் வீடாகவும் எந்தத் தெருக்களில் சேர்ந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காத்திருக்க வசதி இல்லாதவரிடம்தான் ஆப்ஷனைக் காட்டுகிறார்கள். சில ஆயிரம் போதும் என்கிறார்கள். சந்தை ஆடும் நாட்களில் பிரீமியமும் ஏறிக் கிடக்கும் என்பதைச் சொல்வதில்லை. கணிப்பு சரியாகவே இருந்தாலும், எக்ஸ்பைரிக்குள் நடக்காவிட்டால் கொடுத்த பிரீமியம் முழுக்கப் போகும். இதில் ஒருவரின் லாபம் இன்னொருவரின் நட்டம். தரகும் வரியும் இருவரிடமும் பிடிக்கப்படும்.

செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வை எடுத்துப் படியுங்கள். மூன்று நிதியாண்டுகளில் எஃப் அண்ட் ஓ-வில் இறங்கிய ஒரு கோடிக்கும் மேற்பட்ட தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நட்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். நான்கில் மூன்று பேர் ஆண்டு வருமானம் 5 லட்சத்துக்குள் என்று காட்டியவர்கள். முப்பது வயதுக்கு உட்பட்டவர்களின் பங்கு ஒரே ஆண்டில் 31-லிருந்து 43 சதவீதமாக ஏறியது. மறுபக்கம், 2023-24இல் மட்டும் சொந்தப் பணத்தில் வர்த்தகம் செய்யும் நிறுவனங்கள் 33,000 கோடி, வெளிநாட்டு முதலீட்டாளர்கள் 28,000 கோடி, செலவுகள் கழிக்கும் முன் லாபம் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லாமே அல்காரிதம் வழியாக. விடுதி வைஃபையில் கைபேசியை வைத்துக்கொண்டு நம் தம்பி மோதியது அந்தக் கணினிகளோடுதான்.

"அப்படியானால் சந்தைப் பக்கமே வராதே என்கிறீர்களா? அதுவும் தீண்டாமைதானே?" என்று ஒரு தோழர் கேட்டார். நல்ல கேள்வி. பாபாசாகேப் அம்பேத்கரே ஒரு காலத்தில் பம்பாயில் பங்கு வர்த்தகர்களுக்கு ஆலோசனை நிறுவனம் நடத்தியவர். அவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்தினார்கள், மூட வேண்டியதாயிற்று. ஆலோசகராக வந்தவருக்கு மூடிய கதவை, பணம் இழக்க வரும் நமக்கு அகலத் திறந்து வைத்திருக்கிறார்கள். 1923இல் ரூபாயைப் பற்றி அவர் எழுதிய நூலில், நாணய மதிப்பு இறங்கும்போது விலை ஏறும் வேகத்தில் கூலி ஏறுவதில்லை என்று வாதிட்டார். ஆட்டத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்று பார்க்கிற அந்தப் படிப்பு நமக்கு வேண்டும். வேலைக்குப் போய், கடன் அடைத்து, மிஞ்சியதைப் பொறுமையாக முதலீடு செய்பவரை நாங்கள் தடுக்கவில்லை. உதவித்தொகையைத் தொடாதீர்கள்.

அந்த மாணவர் இப்போது மாலையில் உணவு டெலிவரிக்குப் போகிறார். குழுக் கடனின் தவணை அம்மா பெயரில் ஓடிக்கொண்டிருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை செபி ஆய்வை அச்செடுத்துக்கொண்டு அந்த விடுதிக்குப் போகிறோம். அவரும் வந்து பேசச் சம்மதித்திருக்கிறார். முடிந்தவர்கள் வாருங்கள். ஜெய்பீம்.