தீர்ப்பின் கடைசிப் பத்தி

போஸ்னியா தொடுத்த இனப்படுகொலை வழக்கில் சர்வதேச நீதிமன்றம் செர்பியாவை விடுவித்துவிட்டது என்று உங்களுள் பலர் எண்ணியிருக்கக்கூடும். நானும் நெடுங்காலம் அவ்வாறே எண்ணினேன்; வகுப்பிலும் கூறிவந்தேன். 2007 பிப்ரவரியில் நாளேடு ஒன்றின் தலைப்பைப் படித்ததோடு நின்றுவிட்டதே காரணம். அண்மையில் ஒரு மாணவர், “தீர்ப்பைத் தாங்கள் படித்ததுண்டா, ஹஜ்ரத்?” என்று பணிவோடு வினவினார். விடையளிக்க என்னால் இயலவில்லை.

அதன் பின்னரே தீர்ப்பைத் தேடி எடுத்தேன். அது 471 பத்திகள் கொண்டது. ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் எவரும் கட்டணமின்றிப் படிக்கலாம். அளவைக் கண்டு மலைத்துவிடாதீர்கள். இத்தகைய தீர்ப்புகளில் முடிவு கடைசிப் பத்தியில்தான் இருக்கும், அங்கிருந்தே தொடங்குங்கள்.

1995 ஜூலையில் ஸ்ரெப்ரெனிகாவில் 7,000-க்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டது இனப்படுகொலையே என்பதை நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. அதைச் செர்பிய அரசே செய்ததாகக் கொள்ள இயலாது என்று 13 நீதிபதிகள் கூறினர், இருவர் மறுத்தனர். நாளேடு அத்துடன் நிறுத்திக்கொண்டது. ஆனால் அதே பத்தியில், தடுக்கும் கடமையில் செர்பியா தவறியது என 12 பேரும், தளபதி மிலாடிச்சை ஒப்படைக்காமல் கடமையை மீறியது என 14 பேரும் தீர்ப்பளித்துள்ளனர். இழப்பீட்டுத் தொகை மட்டும் வழங்கப்படவில்லை. அது இன்றும் என் நெஞ்சை உறுத்துகிறது.

செர்பிய அரசே செய்ததன்று என்றது ஏன்? கொன்ற படையின் அந்தச் செயலே அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் நடந்திருக்க வேண்டும் என்பது, 1986-இல் நிகராகுவா வழக்கில் இந்நீதிமன்றம் வகுத்த அளவுகோல். அதே ஹேக் நகரில் இயங்கிய யூகோஸ்லாவியக் குற்றத் தீர்ப்பாயமோ, 1999-இல் டாடிச் வழக்கில், படையின் மீது ஒட்டுமொத்தக் கட்டுப்பாடு இருந்தாலே போதும் என்றது. ஒரே ஊரில் இரு மன்றங்கள், இரு அளவுகோல்கள்! ஒன்றை மட்டும் படித்தவர் பாதியே அறிவார்.

மேல்முறையீட்டையும் விட்டுவிடாதீர்கள். தளபதி கிர்ஸ்டிச்சுக்கு 2001-இல் அத்தீர்ப்பாயம் 46 ஆண்டுச் சிறை விதித்தது. 2004-இல் மேல்முறையீட்டு மன்றம், அவர் இனப்படுகொலைக்கு உதவியவரே எனக் கண்டு, தண்டனையை 35 ஆண்டுகளாகக் குறைத்தது. முதல் தீர்ப்போடு நின்றவரின் கூற்று பிழையாகிவிடும்.

மாறுபட்ட நீதிபதிகளின் கருத்துரைகள் தீர்ப்புக்குப் பின் தனியே இணைக்கப்பட்டிருக்கும். ஜோர்டானைச் சேர்ந்த துணைத் தலைவர் அல்-கஸாவ்னேயின் உரையை இருமுறை படித்தேன். செர்பியத் தரப்பின் பாதுகாப்புக் குழு ஆவணங்களில் சில பகுதிகள் மறைக்கப்பட்டிருந்தும், முழு ஆவணங்களையும் நீதிமன்றம் கேட்டுப் பெறாதது ஏன் என்று அவர் வினவுகிறார்.

மறுநாள் வகுப்பில் என் பழைய கூற்றைத் திருத்திக்கொண்டேன். அந்த உரையின் படியை அம்மாணவர் வாங்கிச் சென்றிருக்கிறார். இன்னும் திருப்பித் தரவில்லை.