நம்பிக்கை குழாயில் வருவதில்லை

வெளிநாட்டில் குடியேறுகிறவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: அங்கே குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா? நம்மவரிடையே இதற்கு இரண்டு பதில்கள் புழங்குகின்றன. 'அது வெள்ளைக்காரன் ஊர், கண்ணை மூடிக்கொண்டு குடி' என்பது ஒன்று. 'எதற்கு வம்பு, பாட்டில் வாங்கு, இல்லையேல் காய்ச்சு' என்பது மற்றொன்று. முன்னது பக்தி, பின்னது பயம். இரண்டிலும் விசாரணை இல்லை என்பதே என் குற்றச்சாட்டு.

ஆரணியை அடுத்த முள்ளிப்பட்டில் பட்டுத்தறி ஓசைக்கு நடுவே வளர்ந்த ஒருவர் டொராண்டோவில் குடியேறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நெசவு ஊர்க்காரருக்குத் தண்ணீரைப் பற்றி நாம் பாடம் நடத்த வேண்டியதில்லை. கச்சாப் பட்டின் பசையை நீக்கச் சோப்பும் சோடாவும் இட்டுக் காய்ச்சுகையில், கடின நீராக இருந்தால் சோப்பு திரிந்து நூலில் படியும், பளபளப்பு மங்கும், சாயம் சீராகப் பிடிக்காது. நூலுக்கு எந்தத் தண்ணீர் ஆகும் என்று பார்த்தே தீரவேண்டிய தொழில் அது. தொண்டைக்கு எந்தத் தண்ணீர் ஆகும் என்பதில் மட்டும் ஏன் வதந்தி போதும்?

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். டொராண்டோ, லண்டன், சிங்கப்பூர் ஆகிய நகரங்களில் பொதுக் குழாயில் வரும் நீர் குடிக்கத் தக்கதே. பாட்டிலுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் பழக்கத்துக்குக் கட்டும் வரி. ஆனால் ஒரு விலக்கு உண்டு, அது ஈயம். டொராண்டோவில் 1950களின் நடுப்பகுதிக்கு முன்பும், பிரிட்டனில் 1970க்கு முன்பும் கட்டப்பட்ட வீடுகளில், தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் வரும் இணைப்பு ஈயத்தால் ஆனதாக இருக்கலாம். இங்கே 'காய்ச்சிக் குடி' என்ற நம் பரம்பரை ஞானம் கைகொடுக்காது. காய்ச்சினால் கிருமி சாகும், ஈயம் போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் செறிவு கூடவே செய்யும். கைக்குழந்தைக்குப் பால்மாவு கரைக்கும் வீட்டில் இது சிறிய விஷயமல்ல. பரிசோதனை செய்விப்பதும், இணைப்பை மாற்றச் செய்வதும், அதுவரை ஈயத்தை நீக்குவதாகச் சான்று பெற்ற வடிகட்டியைப் பயன்படுத்துவதுமே வழி.

கண்ணை மூடிக்கொண்டு குடிக்கச் சொல்பவர்கள் வாக்கர்ட்டனை நினைத்துப் பார்க்கட்டும். டொராண்டோ இருக்கும் அதே ஒன்டாரியோ மாகாணத்துச் சிற்றூர் அது. 2000 மே மாதம் பெருமழையில் மாட்டெருக் கழிவு கலந்த நீர் ஊர்க் கிணற்றில் இறங்கியது. ஈ.கோலை கிருமியால் 7 பேர் மாண்டனர். 2,300 பேர்வரை நோயுற்றனர். கிருமி இருப்பதாக ஆய்வுக்கூடம் தெரிவித்த பிறகும், நீர் வழங்கலை நடத்தியவர்கள் தண்ணீர் நன்றாக இருக்கிறதென்றே சுகாதார அதிகாரிகளிடம் சாதித்தார்கள். குளோரின் பதிவேட்டிலும் பொய்க் கணக்கு எழுதியிருந்தார்கள். வெள்ளைக்காரன் ஊரிலும் பதிவேடு பொய் சொல்லும்.

கவனிக்க வேண்டியது அதன்பின் நடந்தது. நீதிபதி டென்னிஸ் ஓ'கானர் தலைமையில் பொது விசாரணை நடந்தது; மாகாண அரசின் செலவுக் குறைப்பையும் அது விட்டுவைக்கவில்லை. 2002-ல் பாதுகாப்பான குடிநீர்ச் சட்டம் வந்தது. பொறுப்பிலிருந்த இருவர் 2004-ல் தண்டிக்கப்பட்டனர். இன்று டொராண்டோவில் ஒருவர் குழாயைத் திறந்து அச்சமின்றிக் குடிக்கிறார் என்றால், அந்தத் துணிவை அளித்தது ஒன்டாரியோ ஏரியின் புனிதம் அல்ல. பிழைத்தால் பதில் சொல்லியாக வேண்டும் என்ற ஏற்பாடு.

நம் முள்ளிப்பட்டுக்காரர் விடுமுறைக்கு ஊர் திரும்புகிறார். வந்ததும் 20 லிட்டர் கேனுக்கு ஆள் அனுப்புகிறார். கேன் வாங்காமல் நோயை வாங்கச் சொல்கிறீரா என்று சிலர் சீறக்கூடும். இல்லை, உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். என் ஆட்சேபம் கேன் வந்ததும் அடங்கிப் போகும் வாயைப் பற்றியது. மனு எழுதத் தெரிந்தவரும், கேள்வி கேட்கும் வசதி உள்ளவரும் குழாயைக் கைவிட்டுப் போய்விட்டால், அதையே நம்பி வரிசையில் நிற்பவரின் குரல் எவர் காதில் விழும்?

'இந்த நாட்டில் நடக்குமா?' என்ற பெருமூச்சையும் நான் ஏற்பதற்கில்லை. குழாயிலிருந்தே குடிக்கத்தக்க நீரை 24 மணி நேரமும் வழங்கும் திட்டத்தை ஒடிசா அரசு 2021 ஜூலையில் பூரி நகரில் தொடங்கியது. 2019-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பயிற்சி அளிக்க வகை செய்கிறது. ஐ.எஸ். 10500 என்ற இந்தியத் தரவிதி, லிட்டருக்கு ஃபுளோரைடு 1 மில்லிகிராம், கடினத்தன்மை 200 மில்லிகிராம் என்று ஏற்கத்தக்க அளவுகளை வரையறுத்திருக்கிறது. வேறு நீர் கிடைக்காதபோது முறையே 1.5, 600 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. தமிழக ஊராட்சிகளில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளையொட்டிக் கிராம சபை கூட்டுவது நடைமுறையில் இருக்கிறது. அளவுகோல் இருக்கிறது, சோதிக்க வழி இருக்கிறது, கேட்க மேடையும் இருக்கிறது. கேட்பவர்தான் குறைவு.

ஆகவே அயல்நாட்டுக் குழாய்த் தண்ணீரைப் பற்றி விசாரிப்பவர்கள் தாராளமாக விசாரியுங்கள். எந்த ஆண்டு கட்டிய வீடு, என்ன குழாய், யார் சோதிக்கிறார்கள், முடிவு எங்கே வெளியாகிறது என்று துருவிக் கேளுங்கள். அதே நான்கு கேள்விகளைச் சொந்த ஊர்க் குழாயடியிலும் கேளுங்கள் என்பதே என் வேண்டுகோள். அங்கே கேட்பது விவேகம், இங்கே கேட்பது வீண்வம்பு என்று நினைக்கும்வரை, கேன்காரர்தான் நமக்குக் குடிநீர் வாரியம்.