காலி வண்டிக்கு ஒரு கணக்கு, லோடு வண்டிக்கு ஒரு தண்டனை



ஓசூர், சூளகிரி, பர்கூர் பக்கம் பிக்கப் வண்டி வைத்துத் தொழில் செய்பவர்கள் சிலர் என் பதிவுகளைப் படிக்கிறீர்கள். இன்றைய பதிவு உங்களில் பாதிப் பேருக்குக் கோபம் வரவழைக்கும். பரவாயில்லை. சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கம்பெனிக்காரன் விளம்பரத்தில் போட்ட மைலேஜ் வரவில்லை என்று டிரைவர் சம்பளத்தில் பிடித்தம் செய்வது அநியாயம். டீசல் திருடியதாக அவன்மேல் பழி போடுகிறீர்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் திருட்டு நடப்பது வேறு இடத்தில்.

நான் வேலை பார்த்தது ஓசூரில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் டெஸ்பாட்ச் பகுதியில். ஓய்வு பெறும்வரை தினமும் என் கண் முன்னால் பத்துப் பதினைந்து வாடகை வண்டிகள் லோடு ஏற்றிக்கொண்டு பீன்யாவுக்கும் பொம்மசந்திராவுக்கும் போகும். பழைய மெட்டடார் காலம் போய், 2005இல் டாடா ஏஸ் வந்து நம் ஜனங்கள் அதற்குக் 'குட்டி யானை' என்று பெயர் வைத்தார்கள். 2011இல் இதே ஓசூரில் செய்த அசோக் லேலண்ட் தோஸ்த் வந்தது. மகிந்திரா பிக்கப்புகள் ரோட்டை நிறைத்தன. எல்லாவற்றையும் பார்த்தவன் நான். டிரைவர்களோடு டீ குடித்தவன். அதனால் அவர்கள் பக்கத்து நியாயமும் எனக்குக் கொஞ்சம் தெரியும்.

ஒரு பையன் வருவான். தேன்கனிக்கோட்டைப் பக்கம். ஒரு மாதம் சம்பளம் வாங்கிய மறுநாள் முகம் செத்துப்போய் நின்றான். என்னடா என்றேன். "சார், பதினேழு குடுக்கும்னு ஷோரூம்ல சொன்னாங்களாம், முதலாளி அதை நம்பி வண்டி எடுத்துட்டாரு. எனக்குப் பன்னெண்டு தாண்டல. மீதி டீசலை நான் வித்துட்டேன்னு மூவாயிரம் பிடிச்சிட்டாரு சார்" என்றான். அடுத்த மாதமும் பிடித்தார்கள். மூன்றாவது மாதம் அவன் வேறு வேலைக்குப் போய்விட்டான். அதே வண்டியில் அடுத்து வந்த டிரைவருக்கும் பன்னிரண்டுதான் கொடுத்தது. அவனும் திருடன் ஆனான்.

அந்தப் பதினேழு எங்கிருந்து வருகிறது? வண்டியை ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் கொண்டுபோய் ரோலர் மேல் ஏற்றி நிறுத்துவார்கள். சக்கரம் சுற்றும், வண்டி நகராது. ஒரு குறிப்பிட்ட அட்டவணைப்படி ஓட்டுவார்கள். மொத்தம் சுமார் 20 நிமிடம். தூரம் பத்தரை கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். சராசரி வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரை ஒட்டி, உச்ச வேகம் 90. புகையில் எவ்வளவு கார்பன் வந்தது என்று அளந்து, அதிலிருந்து எவ்வளவு டீசல் எரிந்தது என்று கணக்கிடுவார்கள். கணக்கில் பிசகு கிடையாது. நேர்மையான அளவுதான். ஆனால் எதை அளந்தார்கள் என்பதுதான் கேள்வி. அந்த அட்டவணை ஐரோப்பாவின் பழைய அட்டவணையை ஒட்டி நமக்காகச் செய்தது. ஐரோப்பாக்காரர்களே 2017இல் அந்தப் பழையதை விட்டுவிட்டு வேறு முறைக்கு மாறத் தொடங்கினார்கள்.

முக்கியமான சங்கதி இது: அந்த ரோலர் மேல் ஓடும் வண்டி கிட்டத்தட்ட காலி வண்டி. காருக்கு அது ஓரளவு சரி. காரில் இரண்டு பேர் போவார்கள், அவ்வளவுதான். சரக்கு வண்டியைக் காலியாக ஓட்டி அளந்தால் அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம்? பிக்கப் வண்டி காசு சம்பாதிப்பதே லோடு இருக்கும்போதுதான். காலியாக ஓடும் நேரம் முதலாளிக்கு நஷ்டம். நஷ்டம் வரும் நேரத்து மைலேஜை அச்சடித்துக் கொடுத்து, லாபம் வரும் நேரத்தில் அதே மைலேஜைக் கேட்கிறோம்.

அடுத்து நம் ஊர் மேடு. கிருஷ்ணகிரி கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 500 மீட்டரில் இருக்கிறது. ஓசூர் 900 மீட்டரை ஒட்டி. நடுவே 50 கிலோமீட்டர் ரோடு. காரில் ஏசி போட்டுக்கொண்டு வருபவனுக்கு அது ஏற்றம் என்றே தெரியாது. லோடு வண்டிக்குத் தெரியும். சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். வண்டியும் சரக்கும் சேர்ந்து 3 டன். அதை 400 மீட்டர் மேலே தூக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த கணக்குதான்: எடை, புவியீர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 118 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் டீசலில் சுமார் 360 லட்சம் ஜூல் இருக்கிறது. ஆனால் எஞ்சின் அதில் சுமார் 30 சதவீதத்தைத்தான் சக்கரத்துக்கு அனுப்பும், மீதி சூடாகப் போய்விடும். ஆக, அந்த மேட்டுக்கு மட்டும் ஒரு லிட்டருக்கு மேல் கூடுதலாகச் செலவாகும்.

இப்போது பாருங்கள். சமதளத்தில் 17 கொடுக்கும் வண்டி என்றே வைத்துக்கொள்வோம். 50 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் போதும். மேட்டுக்காக ஒரு லிட்டர் சேர்த்தால் 4 லிட்டர். மைலேஜ் பன்னிரண்டரைக்கு வந்துவிட்டது. இன்னும் லோடின் உருளல் எதிர்ப்பையோ, காற்றையோ, டிராஃபிக்கையோ நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. டிரைவர் ஒரு சொட்டு டீசல் திருடவில்லை. மேடு குடித்துவிட்டது.

'திரும்பி வரும்போது இறக்கம்தானே, அதில் மிச்சமாகுமே' என்பீர்கள். கொஞ்சம் மிச்சமாகும். ஆனால் ஏறும்போது போட்டதெல்லாம் இறங்கும்போது திரும்பி வராது. பிரேக் போட்ட இடத்தில் எல்லாம் அது சூடாகிக் காற்றில் போகும். அதோடு லோடு ஏறுவது பெரும்பாலும் மேல்நோக்கித்தான். காவேரிப்பட்டணம் மாங்காய் ஆனாலும் சரி, பர்கூர் கல் ஆனாலும் சரி, பெங்களூருக்குப் போகும்போது பாடி நிறைய இருக்கும், வரும்போது பாதி நாள் காலி.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். 60இல் போகும் வண்டி 80இல் போனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் காற்றைத் தள்ளும் வேலை முக்கால் பங்குக்கு மேல் கூடிவிடும். இராயக்கோட்டையிலிருந்து தக்காளி கிரேட்டைக் கேபினுக்கு மேல் மூன்று அடுக்கு ஏற்றி, தார்ப்பாய் படபடக்க, விடியற்காலை மார்க்கெட் ஏலத்துக்குள் போய்ச் சேர வேண்டும் என்று முதலாளியே போனில் விரட்டுகிறார். வேகமாகப் போனால் டீசல் அதிகம், மெதுவாகப் போனால் ஏலம் போச்சு. இரண்டுக்கும் திட்டு டிரைவருக்கு.

பிறகு அத்திப்பள்ளி தாண்டினால் பெங்களூர் டிராஃபிக். நைஸ் ரோட்டில் போனால் டோல் காசு அதிகம் என்று ஊருக்குள் போகச் சொல்கிறீர்கள். சில்க் போர்டில் ஒரு மணி நேரம் எஞ்சின் சும்மா ஓடினால் அரை லிட்டரை ஒட்டிப் போய்விடும், வண்டி நகர்ந்த தூரம் நாலு கிலோமீட்டர். சரக்கு வண்டிக்குத் தடை உள்ள நேரம் என்றால் ஓரங்கட்டி நிற்க வேண்டும். டோலில் மிச்சம் பிடித்த காசு டீசலில் போகிறது. டோல் ரசீது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது, டீசல் போனது தெரியவில்லை.

பணத்தில் சொன்னால்தான் உறைக்கும். நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓட்டம். 17 மைலேஜ் என்றால் கிட்டத்தட்ட 8.8 லிட்டர். பதினொன்றரை என்றால் 13 லிட்டர். வித்தியாசம் 4.2 லிட்டர். டீசல் 90 ரூபாய் என்றே வைப்போம், நாளைக்கு 378 ரூபாய். மாதம் 25 நாள் ஓடினால் 9,450 ரூபாய். விளம்பர எண்ணை நம்புகிற முதலாளி கண்ணுக்கு, தன் டிரைவர் மாதம் ஒன்பதாயிரத்துக்கு மேல் கொள்ளையடிப்பதாகத் தெரியும். அதில் மூவாயிரம் மட்டும் பிடித்துவிட்டு, 'பாவம், விட்டுக்கொடுத்தேன்' என்று பெருமை வேறு.

சட்டம் என்ன செய்தது? கார்களுக்கு 2017 முதல் எரிபொருள் சிக்கன விதி இருக்கிறது. 12 டன்னுக்கு மேற்பட்ட லாரி, பஸ்களுக்கு 2017இல் அறிவிப்பு வந்தது. நடுவே இருந்த 3.5 டன்னுக்கு உட்பட்ட சரக்கு வண்டி, அதாவது நம் பிக்கப், அந்த வரிசையில் விடுபட்டுக் கிடந்தது. எரிசக்தித் திறன் பணியகம் அதற்கென ஒரு வரைவை வெளியிட்டதே 2025இல்தான். நாட்டில் சின்ன வியாபாரி வாங்குவது இந்த வண்டியைத்தான். அவனுக்குத்தான் கடைசி இடம்.

இன்னொன்று. 2023 ஏப்ரல் முதல் புகை அளவை ரோட்டில் ஓட்டிப் பார்க்கும் விதி வந்தது. கருவியை வண்டியிலேயே மாட்டி, நிஜமான சாலையில் ஓட்டி, நைட்ரஜன் ஆக்சைடு எவ்வளவு வருகிறது என்று பார்க்கிறார்கள். புகைக்கு ரோட்டில் பரீட்சை வைக்க முடிகிறது என்றால் மைலேஜுக்கு ஏன் முடியாது?

வெளிநாட்டில் எல்லாம் ஒழுங்கு என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் பெரிய பிக்கப் டிரக் என்றால் உயிர். அங்கே புதுக் காரின் கண்ணாடியில் மைலேஜ் சீட்டு ஒட்டியாக வேண்டும். ஆனால் மொத்த எடை 8,500 பவுண்டைத் தாண்டும் கனத்த பிக்கப்புகளுக்கு அந்தச் சீட்டு தேவையில்லை. எது அதிகம் குடிக்கிறதோ அதற்குச் சீட்டு இல்லை! சீட்டு உள்ள வண்டிக்கும், பின்னால் டிரெய்லர் இழுத்தால் எவ்வளவு குடிக்கும் என்று அதில் இருக்காது. 2012இல் ஹூண்டாய், கியா இரண்டும் சுமார் 9 லட்சம் கார்களின் மைலேஜை அமெரிக்காவில் குறைத்து அறிவிக்க வேண்டி வந்தது, 2014இல் 10 கோடி டாலர் அபராதமும் கட்டின. ஐரோப்பாவில் 2021 முதல் புதுக் கார்களுக்குள்ளேயே எரிபொருள் கணக்கு வைக்கும் ஏற்பாட்டைக் கட்டாயமாக்கினார்கள். அந்தக் கணக்கைப் பார்த்து, பெட்ரோல், டீசல் கார்கள் ஆய்வுக்கூட அளவைவிட நிஜத்தில் சுமார் 20 சதவீதம் அதிகம் குடிக்கின்றன என்று 2024இல் அவர்கள் அரசாங்கமே அறிக்கை கொடுத்தது. அதுவும் காலிக் கார், நல்ல ரோடு. நம் லோடு வண்டிக்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

'டீசல் விற்கிற டிரைவரே இல்லையா' என்று கேட்பீர்கள். இருக்கிறான். நானும் பார்த்திருக்கிறேன். ஹைவே ஓரம் கேன் வைத்துக்கொண்டு வாங்குகிறவனும் இருக்கிறான். கிளட்சை மிதித்தே ஓட்டுகிறவன், டயரில் காற்று பார்க்காதவன், கியர் மாற்றச் சோம்பல்படுகிறவன் எல்லாம் உண்டு. ஆனால் யார் திருடன், யார் நல்லவன் என்று காலி வண்டியின் எண்ணை வைத்து உங்களால் கண்டுபிடிக்கவே முடியாது. நல்லவனும் அந்தக் கணக்கில் திருடனாகத்தான் தெரிவான். எப்படியும் திருடன் பட்டம்தான் என்று தெரிந்தபின் எத்தனை நாள் நல்லவனாக இருப்பான்?

வழி ரொம்ப எளிது. ஒரே பங்கில் டேங்கை நிரப்புங்கள், பம்ப் தானாக நிற்கும்வரை. கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து ட்ரிப் வழக்கம்போல ஓடட்டும். ஒவ்வொரு ட்ரிப்புக்கும் எடைமேடைச் சீட்டை வாங்கி வையுங்கள். அதே பங்கில் மறுபடி நிரப்புங்கள். அதில் ஒரு நாள் நீங்களும் வண்டியில் ஏறி உட்காருங்கள். வருவதுதான் உங்கள் வண்டியின், உங்கள் ரூட்டின், உங்கள் லோடின் மைலேஜ். மழைக்காலத்துக்கு ஒரு தடவை, மாங்காய் சீசனுக்கு ஒரு தடவை எடுத்தால் இன்னும் நல்லது. அந்த எண்ணிலிருந்து நிரந்தரமாக இறங்கினால் முதலில் டயர், ஃபில்டர், இன்ஜெக்டரைப் பாருங்கள். அதற்குப் பிறகு டிரைவரைக் கேளுங்கள்.

தொழிற்சாலைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. வாடகை ரேட் பேசும்போது விளம்பரத் தாளை மேஜையில் போட்டு 'இந்த வண்டி 17 கொடுக்குமே, ஏன் இவ்வளவு கேட்கிறாய்' என்று பேரம் பேசுவது உங்கள் பர்ச்சேஸ் ஆட்களின் வழக்கம். நான் வேலை பார்த்த இடத்திலும் அதுதான் நடந்தது. நீங்கள் கிலோமீட்டருக்குக் குறைக்கும் இரண்டு ரூபாயை வண்டிக்காரன் தன் கையிலிருந்து போடுவதில்லை. டிரைவர் பேட்டாவிலிருந்து எடுக்கிறான், அல்லது ஒன்றரை டன் வண்டியில் இரண்டரை டன் ஏற்றுகிறான். பிறகு பிரேக் பிடிக்காமல் போனால் அதற்கும் டிரைவர்தான் பொறுப்பு.

வண்டி செய்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. சரக்கு வண்டியின் விளம்பரத் தாளில் இரண்டு எண் போடுங்கள். காலியாக இவ்வளவு, முழு லோடில் இவ்வளவு. அரசாங்கம் வரைவைச் சட்டமாக்கும்போது அந்த இரண்டாவது எண்ணைக் கட்டாயமாக்கட்டும்.

அதுவரை, முதலாளிமார்களே, இந்த மாதச் சம்பளக் கவரில் 'மைலேஜ் ஷார்ட்டேஜ்' என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். போன மாதம் பிடித்ததையும் திருப்பிக் கொடுங்கள். பத்து ட்ரிப் அளந்துவிட்டு வாருங்கள், பிறகு பேசலாம்.