காத்தலும் கரத்தலும்

ஒரு பொருளைத் தன்பால் நிறுத்திக்கொள்ளுஞ் செயலை எல்லா மொழிகளும் ஒரே கண்கொண்டு நோக்குவதில்லை. ஆங்கிலத்திலே 'கீப்' என்னும் ஒரே வினை வாக்குக்கும், கணக்குக்கும், கடைக்கும், ஆட்டுக்கும் பொருந்தும். தமிழரோ வாக்கைக் காப்பர், கணக்கை எழுதுவர், கடையை நடத்துவர், ஆட்டை வளர்ப்பர். இவ்வேறுபாட்டை உணராத மாணாக்கன் 'வாக்கை வைத்திருந்தான்' என எழுதிவிடுகிறான்.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மும்மொழியும் ஒரே தெருவில் ஒலிப்பதால், நம் பிள்ளைகளுக்கு ஒப்புமை காட்டுதல் எளிது. நாம் 'வைத்துக்கொள்' என்பதைச் சிங்களத்தார் 'தபாகன்னவா' என்பர். அதன் முற்பகுதி வைத்தலையும், பிற்பகுதி எடுத்தலையுங் குறிக்கும். நம் 'கொள்' என்பதும் எடுத்தற்பொருள் உடையதே. குடும்பத்தால் வேறான இரு மொழிகள் ஒரே முறையிற் சொல்லமைத்திருத்தல் வியக்கத்தக்கது. ஆங்கிலத்து 'வித்ஹோல்ட்' என்பதன் முன்னொட்டோ பண்டு 'எதிராக' எனப் பொருள்பட்டது. பிறர்க்கு எதிராகப் பிடித்துவைத்தல் என்பதே அச்சொல்லின் உட்கருத்து.

அவ்வுட்கருத்துக்குத் தமிழிலே தனிச்சொல் உண்டு. பொருளின் நலங்கருதி வைத்தல் காத்தல். தன் பயன் கருதி வைத்தல் வைத்துக்கொள்ளுதல். கேட்பவர்க்குக் கொடாது மறைத்து வைத்தல் கரத்தல். திருக்குறளின் 'இரவு' அதிகாரம், இரக்கத் தக்கார் கரந்தால் பழி அவரையே சாரும், இரந்தவரைச் சாராது என்கிறது. 'சுற்றந்தழால்' அதிகாரமோ, கிடைத்த இரையைக் கரவாது தன் இனத்தை அழைத்துண்ணுங் காக்கையை நமக்கு எடுத்துக்காட்டாக்குகிறது.

1987ஆம் ஆண்டு அரசியலமைப்பின் பதின்மூன்றாந் திருத்தத்தால் தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியாயிற்று. ஆயினும், அலுவலகத் தமிழிற் 'கரத்தல்' இல்லை. 'நிறுத்திவைக்கப்பட்டுள்ளது' என்பதே உண்டு. நிறுத்தியவர் யார், எவர் பொருட்டு நிறுத்தினார் என்பன அத்தொடரில் வெளிப்படுவதில்லை.

இது வெறுஞ் சொல்லாராய்ச்சி அன்று. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் 2017ஆம் ஆண்டு பெப்ரவரியிலே கிளிநொச்சியில் தொடர் போராட்டந் தொடங்கினர். அவர்கள் பொன்னோ பொருளோ கேட்டாரல்லர். தம் மக்களுக்கு நேர்ந்தது யாது என்றே கேட்டனர். அதனை அறிந்தவர் அறிந்தும் கூறாதிருத்தலை 'மௌனம்' என்றல் பொருந்தாது. 'தாமதம்' என்றலும் பொருந்தாது. அது கரத்தலே.

ஆசிரிய அன்பர்கள் இச்சொல்லைச் செய்யுள் உரையோடு விட்டுவிடாது, மாணாக்கர் தம் கட்டுரையிலும் எடுத்தாளப் பழக்குவாராக. செய்தவர்மேற் பழியை வைத்துப் பேச நம் முன்னோர் தந்த சொல் அது.