கலைத்தவர்கள் எண்ணினார்களா?

மடப்புரம் கோயில் காவலாளியின் சாவுக்குப் பிறகு, அனுமதியில்லாமல் இயங்கும் போலீஸ் தனிப்படைகளையெல்லாம் கலைக்கச் சொல்லி உத்தரவு போட்டார்கள். பலர் கைதட்டினார்கள். நமக்குக் கை எழவில்லை. அனுமதியில்லாத படை என்றால், அதில் இருந்த காவலர்களை அவரவர் ஸ்டேஷனிலிருந்து விடுவித்து அனுப்பியது யார்? வண்டி யாருடையது, டீசல் எந்தக் கணக்கில் போனது, சம்பளப் பட்டியலில் அவர்கள் எங்கே வேலை பார்த்ததாக எழுதியிருந்தது? சீருடை போடாமல், ஸ்டேஷன் ரைட்டருக்குக்கூடத் தகவல் சொல்லாமல், ஓர் ஆளை வேனில் ஏற்றிக்கொண்டு இடம் இடமாகச் சுற்றும் ஏற்பாடு மழைக்கு முளைத்த காளான் அல்ல. எத்தனை படைகள், எவ்வளவு காலமாக, யார் யாரைக் கூட்டிப்போய் விசாரித்தன என்று முதலில் எழுதி வைத்துவிட்டல்லவா கலைத்திருக்க வேண்டும்? பெயர்ப் பலகையே இல்லாத ஒன்றைக் கணக்கெடுக்காமல் கலைத்தால், நாளை அது திரும்பிவந்து நின்றாலும் அடையாளம் சொல்ல ஆள் இருக்காது.

நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காரிலிருந்த நகையைக் காணோம் என்று புகார். எஃப்.ஐ.ஆர். பதிவாகும் முன்பே காவலாளியான அந்த இளைஞர் தனிப்படையின் கையில். 2025 ஜூன் 28இல் உயிரில்லை. உடலில் 44 காயங்கள். அடி விழுந்தது காவல் நிலையத்தில் அல்ல, கோயில் அலுவலகத்துக்குப் பின்னால் இருந்த மாட்டுக்கொட்டகையில். அதைப் படம் பிடித்தது அரசு கேமராவும் அல்ல. கழிப்பறையிலிருந்து ஒருவர் தன் கைப்பேசியில் எடுத்த சில நொடிகள்தான் வழக்கையே நிலைநிறுத்தின.

காவல் நிலையங்களில் வாசல் முதல் லாக்கப் வரை கேமரா வேண்டும், ஒலியும் பதிவாக வேண்டும், பதிவை 18 மாதம் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2020 டிசம்பர் 2இல். அந்தத் தீர்ப்புக்குப் பிறகு யாராவது ஆராய்ந்திருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: கேமரா வந்தபின் அடி குறைந்ததா, இடம் மாறியதா? தோப்புக்கும் மண்டபத்துக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் போய்விட்டதா? கேமரா எங்கே இருக்கிறது என்பது நம்மைவிடப் போலீஸாருக்கு நன்றாகத் தெரியும்.

இந்தக் கலைக்கும் வைத்தியம் புதிதல்ல. சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோன தந்தையும் மகனும் இறந்த 2020இலும் இதே மருந்துதான் கொடுத்தார்கள். ஊர் கொதித்ததும், 1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ‘போலீஸ் நண்பர்கள்’ தன்னார்வலர் அமைப்பை ஜூலையில் தடை செய்தார்கள். தன்னார்வலர்கள் வீட்டுக்குப் போனார்கள். அடிக்கும் பழக்கம் ஸ்டேஷனிலேயே இருந்தது. அந்த நிலையத்துக்குப் போன நீதித்துறை நடுவர் கண்டது என்ன? கேமரா இருந்தது, 1 டெராபைட் ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. அன்றன்றைய பதிவு அன்றன்றே அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். சாட்சியத்தைக் காப்பாற்ற, காவல் நிலையத்தையே வருவாய்த் துறையிடம் ஒப்படைக்கச் சொல்லவேண்டிய நிலைமை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. இத்தனைக்கும் பிறகு, வேறு எத்தனை நிலையங்களில் அதே ‘செட்டிங்’ இருந்தது என்று பார்த்துச் சொன்னார்களா? அந்தத் தந்தைக்கும் மகனுக்கும் ‘உடல்நிலை சரி’ என்று அரசு மருத்துவமனையில் சான்று கொடுத்தார்கள். அப்படிச் சான்று வாங்கிச் சிறைக்குப் போனவர்களில் எத்தனை பேர் ஒரு வாரத்துக்குள் மருத்துவமனைக்குத் திரும்பினார்கள்? சிறை வாசலில் காயத்தைக் குறிக்கும் பதிவேடு இருக்கிறது, மருத்துவமனையில் உள்நோயாளிப் பதிவேடு இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க ராக்கெட் விஞ்ஞானி தேவையில்லை.

மாவுக்கட்டு விஷயத்துக்கு வருவோம். கைது செய்யப்பட்டவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார், கை உடைந்தது, மாவுக்கட்டுடன் போட்டோ. சினிமாக்காரர்கள் சிரிப்பு மூட்டியது போக, வழுக்குவது கைதிகளுக்கு மட்டும்தானா என்று உயர் நீதிமன்றமே கேட்டுவிட்டது. ஒரு வருடத்தில் எத்தனை பேர் வழுக்கினார்கள், எந்த நிலையத்தில், எந்த எலும்பு, அன்று பணியில் இருந்த அதிகாரி யார்? டைல்ஸ்தான் காரணம் என்றால் அதையும் ஆராயட்டும், டைல்ஸையாவது மாற்றுவோம். முகத்தை அடையாளம் காணும் மென்பொருளுக்குப் பணம் கிடைக்கிறது. உடைந்த கைகளை எண்ண ஒரு குமாஸ்தா கிடைக்கவில்லை.

எண்ணுவதற்கு ஆள் இல்லாமலும் இல்லை. காவல் துறை ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசு 1970இல் ஒரு நிறுவனம் தொடங்கியது. 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் மீதான புகார்களை விசாரிக்க ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் ஆணையம் அமைக்கச் சொன்னது. நம்மவர்கள் ஏழு வருடம் யோசித்து, 2013இல் சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலர், மாவட்டத்தில் ஆட்சியர். கூடவே உறுப்பினர்களாக போலீஸ் உயரதிகாரிகள். மாமியாரைப் பற்றிய புகாரை மாமியாரிடமே எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு. ஆட்சிகள் மாறின, கோப்பு நகரும் மேசை மாறவில்லை. இப்படிப்பட்ட ஆணையத்திடம் எந்த ஆராய்ச்சியை எதிர்பார்ப்பது?

அம்பாசமுத்திரத்தில் 2023இல் விசாரணைக்குப் போனவர்களின் பற்களைப் பிடுங்கினார்கள் என்று புகார் வந்தபோதும் இதே கதைதான்: ஓர் அதிகாரி சஸ்பெண்ட், ஒரு விசாரணை, பிறகு சஸ்பெண்ட் ரத்து. விசாரணைக்கு என்று கூட்டிப்போகிறவர்களில் எத்தனை பேரின் பெயர் நிலையப் பொது நாட்குறிப்பில் ஏறுகிறது என்ற கேள்வி அன்றும் எழவில்லை, இன்றும் எழவில்லை. ஆள் செத்தால்தான் கணக்கில் வருகிறான். பல்லோடும் எலும்போடும் தப்பியவன் எந்த அட்டவணையிலும் இல்லை.

துறைக்கு வெளியே இருக்கும் யாராவது, பல்கலைக்கழகமோ நீதிமன்றம் நியமிக்கும் குழுவோ, இந்தப் பதிவேடுகளைத் திறந்து பார்க்க வழி செய்ய வேண்டும். எப்படி என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். முதல் வேலையாக, கலைத்ததாகச் சொன்ன தனிப்படைகளின் பட்டியல் வெளியே வரட்டும். எந்த மாவட்டத்தில் எத்தனை, அவற்றில் இருந்தவர்கள் இப்போது எந்த ஸ்டேஷனில் உட்கார்ந்திருக்கிறார்கள்? அப்படியொரு பட்டியலே தயாரிக்கவில்லை என்றால் அதையாவது எழுத்தில் கொடுங்கள்.